ஒரு செங்கல் கனம்

பென்சில் சீவும் பிளேடு எங்கே என்று அவர் கேட்டதுதான் கடைசியாக நடந்த சாதாரண விஷயம். மாடி அறையில் ஜன்னலோர மேஜையில் அவர் உட்கார்ந்திருந்தார். மழைக்குப் பயந்து அரை ஈரத்தோடு எடுத்து வந்த துணிகளை அவள் தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சட்டைப் பையில பாருங்க. நேத்து அதோடதான் துவைக்கப் போட்டீங்க. என் விரல் தப்பிச்சதே பெரிசு."

பையைத் தடவி, அசடு வழியச் சிரித்து, அவர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். மரச்சுருள் மேஜைமேல் விழுகிற சத்தம் கேட்டது. அதுதான் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது. பென்சில் சுருள் விழுவது காதில் படுகிற அளவுக்கு அந்த அறை என்றைக்கும் அமைதியாக இருந்ததில்லை. மணி ஆறரை ஆகப் போகிறது. இந்நேரத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பவுண்டர் அக்காவின் ரேடியோ கரகரக்க வேண்டும், கீழே அவள் வீட்டுக் குக்கர் கத்த வேண்டும், அந்தக் கத்தலையும் மீறி அவள் தன் கணவரைத் திட்டுவது கேட்க வேண்டும்.

"பக்கத்துல ரேடியோவே காணோமே" என்றாள்.

"கம்பவுண்டர் இன்னைக்கு வாயைத் திறந்து பதில் பேசிட்டாரோ என்னவோ. அக்கா மயக்கம் போட்டிருக்கும்."

அவள் சிரித்தாள். ஆனால் காது சுவர் பக்கமே இருந்தது. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து லைன் கொடுத்த காது அது. யாரும் இல்லாத லைனின் மௌனம் வேறு, எதிர்முனையில் ஒருவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிற மௌனம் வேறு. சுவருக்குப் பின்னால் அன்று இருந்தது இரண்டாவது.

அது பதினாலு வீட்டுத் தெரு; அவர்களுடையது ஏழு, கம்பவுண்டர் அக்காவினுடையது எட்டு. நூறு வருடங்களுக்கு முன்னால் ஓர் அச்சகம் தன் வேலையாட்களுக்குக் கட்டிக்கொடுத்தது. கீழே ஒரு கூடமும் அடுக்களையும், மாடியில் ஓர் அறை, அதற்கு மேல் பதினாலு வீட்டுக்கும் பொதுவாக நீண்டு கிடக்கும் மொட்டை மாடி. முதலாளி செலவைப் பார்த்தாரோ இடத்தைப் பார்த்தாரோ, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஒரு செங்கல் கனம். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து "தண்ணி குடிடி" என்று குரல் வரும். இந்தத் தெருவில் ரகசியம் பேச வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போய்க் காக்காயிடம்தான் பேச வேண்டும் என்று கோடி வீட்டுத் தையல்காரர் சொல்வார். தொண்ணூறு வயதில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன பிறகும் அவர் தையல்காரர்தான். அதே மாதிரி, எக்ஸ்சேஞ்சை மூடிப் பல வருடம் ஆகியும் அவள் 'டெலிபோன்'. மின்சார ஆபீசில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற அவள் கணவர் 'மீட்டர்'.

மீட்டர் எந்தக் கதவையும் கையால் தட்ட மாட்டார். டார்ச்சின் அடிப்பக்கத்தால் தட்டுவார். ஒன்று, கொஞ்சம் பொறுத்து, சேர்த்து இரண்டு. டொக். டொக்டொக். முப்பத்துநாலு வருடம் ஊர்க்கதவுகளைத் தட்டிப் பழகிய தாளம். கல்யாணமான அன்றைக்கு அறைக்கதவையும் அப்படியே தட்டியவரிடம், "என்ன, ரீடிங் எடுக்கவா?" என்று உள்ளேயிருந்து அவள் கேட்டது சுவர் வழியாகக் கசிந்து தெரு முழுக்கப் பரவி, இருபது வருடம் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள்.

சுவரைத் தட்டுவதற்குத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. கொள்ளைநோய் வந்த வருடம், யாரும் வெளியே காலெடுத்து வைக்க முடியாத நாட்களில் தொடங்கியது என்பார்கள். மூன்று தட்டினால் ஆபத்து, ஆள் வேண்டும். பதிலுக்கு இரண்டு வந்தால் கேட்டுவிட்டது, வருகிறோம். இரண்டு தட்டியவர் தலையில்தான் அதன்பிறகு எல்லாப் பொறுப்பும்: டாக்டர், வண்டி, எல்லாம். மூன்று தட்டியவர் நோயாளியை விட்டு அசையக் கூடாது. வர முடியாதவர் பதில் தட்டக் கூடாது. தன் வீட்டு மறுசுவரைத் தட்டி, சேதியை அடுத்த வீட்டுக்குக் கடத்த வேண்டும். இரண்டு தட்டிவிட்டு வராமல் போனவர் தெருவின் வரலாற்றிலேயே இல்லை. அவளுக்கு வலி கண்ட அன்று கம்பவுண்டர் அக்கா இரண்டு தட்டிவிட்டு, வாரிக்கொண்டிருந்த தலையோடு ஓடிவந்தாள். மகள் பிறந்தது அக்காவின் கையில்.

இதையெல்லாம்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். மீட்டர் கணக்கெழுத ஆபீசில் கொடுத்து மிச்சமாகிப்போன நீள நோட்டில், வீட்டுக்கு இத்தனை பக்கம் என்று ஒதுக்கி, யார் குடியிருந்தார்கள், என்ன தொழில், யாருக்கு யார் உறவு, எந்தச் சண்டை எந்தக் கல்யாணத்தில் தீர்ந்தது என்று தெருவின் கதையைப் பென்சிலால் எழுதினார். பெரிய கட்டடம் கட்டுகிற கம்பெனி ஒன்று தெருவை மொத்தமாகக் கேட்டபோது, மொட்டை மாடியில் எல்லோரையும் கூட்டி அந்த நோட்டிலிருந்துதான் வாசித்துக் காட்டினார். பாதி பேர் அழுதார்கள். ஒருத்தரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவானது. முதலில் கைதூக்கியது கம்பவுண்டர் அக்கா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக ஊருக்குக் கிளம்பியது. ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு மகளின் பிரசவம், தையல்காரரை மகன் கூட்டிப் போனான். லீவுக் காலம்தானே என்று அவள் நினைத்தாள். அன்று மதியம் அவர்கள் இருவரையும் கண் டாக்டரிடம் அனுப்பி வைத்ததும் அக்காதான். "நானே பேசி வச்சிருக்கேன். மீட்டருக்கு எழுத்து மங்குதுன்னு எத்தனை நாளா சொல்றே. கிளம்புங்க ரெண்டு பேரும்." சாயங்காலம் அவர்கள் ஆட்டோவில் திரும்பியபோது மழை சாய்வாக அடித்தது. குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி கதவைத் திறந்து உள்ளே ஓடினார்கள். அக்கம்பக்கம் பார்க்கவில்லை.

பென்சில் கீழே விழுந்தது. அடுத்து நாற்காலி. அடுத்து அவர்.

அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோது நெற்றி வேர்த்து வழிந்தது. ஒரு கை நெஞ்சில், இன்னொரு கை அவள் மணிக்கட்டில். வீட்டுக்கு இருந்த ஒரே செல்போன் கீழே சார்ஜில் கிடந்தது. அவள் அதை நினைக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, விரல் முட்டியால் சுவரை மூன்று தட்டினாள்.

பதில் உடனே வந்தது. சீராக, இடைவெளி விட்டு. டொக். டொக்.

"அக்கா வந்துருவாங்க. பேசாம படுங்க. அக்காவும் கம்பவுண்டரும் வந்துருவாங்க."

அவர் கண் திறந்தார். வலியில் சுருங்கியிருந்த கண்கள் அந்தச் சத்தம் கேட்டதும் அகலமாக விரிந்து, அவள் முகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தன. தலையை ஆட்டினார். இல்லை என்பது போல, வேண்டாம் என்பது போல. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை அவளைப் படி இருந்த பக்கமாகத் தள்ளியது. வலியில் உதறுகிறார் என்று அவள் நினைத்தாள். இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து நிமிடம். கீழே கதவு திறக்கவில்லை. திரும்பவும் மூன்று தட்டினாள். திரும்பவும் இரண்டு வந்தது. அவசரம் இல்லாமல். பொறு, பொறு என்று முதுகில் தட்டிக்கொடுப்பது போல. கம்பவுண்டர் சட்டை மாட்டிக்கொண்டிருப்பார். அக்கா வண்டிக்கு ஓடியிருப்பாள். ஜன்னலில் மழை. மரச்சுருள் வாசனை. ஈரத்துணி வாசனை. எங்கிருந்தோ பழைய சுண்ணாம்பு வாசனை.

மூன்று தட்டினாள். இரண்டு.

மூன்று. இரண்டு.

ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஒருமுறைகூடத் தவறவில்லை. ஏழு இருபதுக்கு அவள் மணிக்கட்டிலிருந்த விரல்கள் தளர்ந்தன. அப்போதுதான் அவர் தலையைத் தரையில் வைத்துவிட்டு அவள் படியிறங்கி ஓடினாள்.

எட்டாம் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. தெருவிளக்கில் பித்தளை பளபளத்தது. புதுப் பூட்டு. அடுத்த வீட்டில் பூட்டு. தன் வீட்டைத் தாண்டி மறுபக்கம் ஓடினாள். ஆறில், ஐந்தில், நாலில். கதவை அறைந்துவிட்டு நின்று பார்த்தபோதுதான் கண்ணில் உறைத்தது. எல்லாம் ஒரே பூட்டு. ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. பதின்மூன்று வீட்டில் பதின்மூன்று. அவள் வீடு மட்டும் திறந்து கிடந்தது.

மெயின் ரோட்டிலிருந்து ஓர் ஆட்டோக்காரரும் செருப்புக் கடைக்காரரும் வந்து அவரைத் தூக்கினார்கள். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அரை மணி முன்னால் அவள் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மகள் வந்தாள், அழுதாள், கூடவே வந்துவிடச் சொன்னாள். அந்த நோட்டை ஒழுங்கு பண்ணிவிட்டு வருகிறேன் என்று அவளை அனுப்பி வைத்தாள். உண்மையில் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அன்று பதில் தட்டியது யார்? அது தெரியாமல் அந்த வீட்டை விட்டுக் கால் நகராது என்று அவளுக்குத் தோன்றியது. பத்தாவது நாள் அக்காவின் நம்பரைப் போட்டாள். ஏழெட்டு முறைக்குப் பிறகு அக்கா எடுத்தாள். எடுத்ததும் அழுதாள். அவள் அழுது முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"அக்கா. அன்னைக்கு நான் மூணு தட்டினேன். ஆறு நாப்பதுக்கு."

"என்னடி சொல்றே."

"நீ ரெண்டு தட்டினே. ஏன் வரலே? பூட்டிக்கிட்டுப் போற அவசரமா? தட்டாமயே போயிருக்கலாமே. நான் போனையாவது எடுத்திருப்பேன்."

"நாங்க மூணு மணிக்கே லாரி ஏத்திட்டோம்டி." குரல் உடைந்தது. "நீங்க ஆட்டோ ஏறினதும் லாரி வந்துருச்சு. அதுக்குத்தான்... உங்களை டாக்டர்கிட்ட அனுப்பினதே அதுக்குத்தான். மூஞ்சியைப் பாத்துக்கிட்டுக் கிளம்ப முடியாதுன்னு. மாடிக் கூட்டம் முடிஞ்ச மறுவாரமே எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. மீட்டருக்குத் தெரிஞ்சா கோர்ட்டுக்குப் போவாரு, சொல்லாதீங்கன்னு கம்பெனிக்காரன் சொன்னான். பதிமூணு வீடும் ஒத்துக்கிச்சு. திட்டு. என்ன வேணா திட்டு. ஆனா நான் தட்டலே. அந்த வீட்ல யாருமே இல்லேடி."

அவள் திட்டவில்லை. இருமினால் எட்டு வீட்டுக்குக் கேட்கிற தெரு, இரண்டு வாரம் ஒரு ரகசியத்தை மூச்சுவிடாமல் வைத்திருந்திருக்கிறது. அவளிடமிருந்து மட்டும். அவரிடமிருந்து மட்டும். யாருடைய கதையை அவர் பென்சில் தேயத் தேய எழுதினாரோ அவர்கள் எல்லோரும்.

போனை வைத்த பிறகு அந்தச் சத்தத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அக்கா மோதிரம் போட்ட கையால் தட்டுவாள். ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால் ஒரு மெல்லிய 'கிண்' இருக்கும். அன்று அந்தக் 'கிண்' இல்லை. அக்கா நின்றுகொண்டு தட்டுவாள். சத்தம் மார்பு உயரத்திலிருந்து வரும். அன்று கீழேயிருந்து வந்தது. தரையிலிருந்து ஒரு முழம். சுவருக்கு அந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே, அவளைப் போலவே ஒருவர் தரையில் உட்கார்ந்து தட்டிய சத்தம்.

மறுநாள் சாயங்காலம், வெயில் சாயும் முன், மொட்டை மாடி வழியாக எட்டாம் வீட்டுக்குள் இறங்கினாள். மாடிக்கதவின் இரண்டாவது சாவி எப்போதும் அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அக்காவுக்கு மறந்துபோயிருந்தது, அல்லது கேட்க வாய் வரவில்லை.

அறை காலி. பச்சை டிஸ்டெம்பர் மார்பு உயரம் வரை, அதற்கு மேல் வெள்ளை. காலண்டர் ஆணி. ரேடியோ இருந்த அலமாரிக்குப் பக்கத்தில், மார்பு உயரத்தில், சுவர் எண்ணெய்ப் பிசுக்கோடு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அக்கா தட்டுகிற இடம். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குக் கீழே, பல தலைமுறையாகக் குட்டை மரப்பீரோ ஒன்று நின்ற இடம். லாரியில் ஏற்றப் பீரோவை நகர்த்தியிருந்தார்கள். பீரோ மறைத்திருந்த சுவருக்கு யாரும் வண்ணம் அடித்ததில்லை. பழைய சுண்ணாம்பு மஞ்சளாகப் பொரிந்திருந்தது. அதில் குழிகள் இருந்தன. கட்டைவிரல் பதியும் அளவுக் குழிகள், மூன்று மூன்றாக. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு கூட்டம். அதற்குக் கொஞ்சம் கீழே, சின்னதாக இன்னொரு கூட்டம். அதற்கும் கீழே, தரையை ஒட்டி, சுண்டுவிரல்கூட நுழையாத குழிகள்.

தரையில் பீரோவின் அளவுக்குத் தூசி சதுரமாகப் படிந்திருந்தது. சுவரோரத்தில், தூசிக்கு மேல், வெள்ளையாகப் புதிய சுண்ணாம்புத் தூள். அரைப்பிடி இருக்கும். சுற்றிலும் தூசி கலையவில்லை. கால்தடம் இல்லை.

கதவைப் பூட்டினாளா என்று அவளுக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டு நோட்டைப் பிரித்தாள். எட்டாம் வீட்டுக்கான பக்கங்களில் கம்பவுண்டர் குடும்பத்தின் கதையை அவரே அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. மூன்றாவதில், மீட்டர் கணக்கெழுதும் குட்டிக் கையெழுத்தில் எழுதியிருந்தார்.

'எட்டாம் வீடு. தையல்காரர் சொன்னது, அவர் அப்பா சாகும்போது அவரிடம் சொன்னதாக. கொள்ளைநோய் வருடம். ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். மூவருக்கும் நோய். வெளியே வந்தால் பரவும் என்று தெரு கூடிப் பேசி, வாசலிலும் மாடியிலும் வெளியே பூட்டுப் போட்டார்கள். உள்ளேயிருந்து சுவரை மூன்று மூன்றாகத் தட்டினார்கள். ஏழாம் வீட்டுக்காரர் பதிலுக்கு இரண்டு தட்டினார். யாரோ வருகிறார்கள் என்று நம்பிக் கொஞ்ச நேரம் அடங்குவார்கள். பிறகு மூன்று. பிறகு இரண்டு. ஐந்து நாள். வழக்கம் இப்படித்தான் தொடங்கியது. ஏழாம் வீட்டுக்காரர் என் தாத்தா.'

அடியில், அழுத்தமில்லாமல் இன்னொரு வரி. 'இது புத்தகத்தில் வேண்டாம். அவளுக்கும் தெரிய வேண்டாம். அவள் அந்தச் சுவரை நம்பித் தூங்குகிறாள்.'

தேதி போட்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. மூன்று மாதம் அவர் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மொட்டை மாடியில் எல்லோர் முன்னாலும் நின்று தெருவின் ஒற்றுமையைப் பற்றி வாசித்து அழ வைத்திருக்கிறார். அன்று அந்த இரண்டு தட்டல் கேட்டதும் விரிந்த கண்கள். ஆடிய தலை. படி பக்கம் தள்ளிய கை. சொல்லியிருந்தால் அவள் ஓடியிருப்பாள். மூன்று மாதத்தில் ஏதாவது ஒரு நாள், ஒரு வார்த்தை.

பதின்மூன்று வீட்டுக்காரர்கள் மேல் வந்த கோபத்தைவிட இந்தக் கோபம் பெரிதாக இருந்தது. யாரிடம் போய்க் காட்டுவது?

அடுத்த மாதம் இடிக்க வந்தார்கள். அவள் கையெழுத்துப் போடாததால் அவள் வீட்டை மட்டும் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வழித்தெடுத்தார்கள். பத்து நாளில் எட்டாம் வீடு இல்லை. மேஸ்திரி வந்து நின்றார்.

"உங்க வீட்டுச் சுவர் இப்ப வெட்டவெளியில நிக்குதும்மா. வெளிப்பக்கம் ஒரு பூச்சாவது பூசிடறேன். இல்லேன்னா மழைத்தண்ணி உள்ள இறங்கும்."

"வேண்டாம்."

"காசு கேக்கலேம்மா."

"தெரியும். வேண்டாம்."

அவர் போன பிறகு தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். அவள் வீட்டின் பக்கவாட்டில், அந்தரத்தில், அக்காவின் அறை ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை. வெள்ளை. காலண்டர் ஆணி. மாடித்தளத்துக் கட்டைகள் செருகியிருந்த பொந்துகள். அதற்குக் கீழே கால் வைக்க ஒன்றும் இல்லை. செங்கல் குவியல், அதில் நாய் ஒன்று படுத்திருந்தது. பார்த்தபோது ஆறுதலாகக்கூட இருந்தது. இனி அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லை. மகளிடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னாள். அன்று மாடியில் பெட்டி அடுக்கினாள். அவருடைய டார்ச்சை எடுத்து, அடியில் தேய்ந்த இடத்தைத் தடவி, துணிகளுக்கு நடுவே வைத்தாள். பெட்டியை மூடினாள்.

மணி ஆறு நாற்பது.

டொக்.

கை பெட்டி மேலேயே நின்றது.

டொக்டொக்.

கீழேயிருந்து. தரையிலிருந்து ஒரு முழம்.

வெளியே மரம் இல்லை, ஆட கிளை இல்லை. ஏணி இல்லை. பெட்டியைத் திறந்து டார்ச்சை எடுத்தாள். மொட்டை மாடிக்கு ஏறி, ஓரத்தில் பாதி உடம்பை வெளியே நீட்டி, சுவர் நெடுகிலும் வெளிச்சம் அடித்தாள். பச்சை. ஆணி. ஈரம். நாய் தலையைத் தூக்கி அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. ஆள் நிற்க இடம் இல்லை.

உள்ளே வந்தாள்.

டொக். டொக்டொக்.

ஒன்று; கொஞ்சம் பொறுத்து, சேர்த்து இரண்டு. ஆயிரம் பேர் தட்டினாலும் இந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான அன்றைக்கு அவளைச் சிரிக்க வைத்த தாளம். மூன்று. ஆள் வேண்டும்.

"ஏங்க" என்றாள்.

கட்டிலில் ஏறிப் படுத்துக் காதில் தலையணையை அழுத்தினாள். நிற்கவில்லை. ஏழானது. எட்டானது. தாளம் குலைந்தது. வேகமானது. அப்புறம் பலம் குறைந்தது. முட்டியால் தட்டிக்கொண்டிருந்த கை நகத்தால் தட்டுவது போல ஆனது. தட்டுவது கூட இல்லை. பிறாண்டுவது.

இறங்கினாள். அன்று உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். மடி காலியாக இருந்தது. போக முடியாது. போக அங்கே இடம் இல்லை. திறக்கக் கதவு இல்லை. அழைத்துவர யாரும் இல்லை. வர முடியாதவர் பதில் தட்டக் கூடாது.

அவள் விரலை மடக்கினாள். சீராக, இடைவெளி விட்டு, இரண்டு தட்டினாள்.

உடனே அடங்கியது.

எவ்வளவு எளிதாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. சுவரில் காதை வைத்தாள். அங்கே அந்த மௌனம் இருந்தது. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருப்பவரின் மௌனம். படியில் அவள் காலடி கேட்கும் என்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. "தனியா அங்க என்னம்மா பண்றே?" என்று மகள் போனில் கேட்கும்போது அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஆறு முப்பத்தைந்து. "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டு மாடியேறுகிறாள். ஆறு நாற்பதுக்கு அவர் தட்டுகிறார். அவள் இரண்டு தட்டுகிறாள். அவர் நம்புகிறார்.

நேற்று அவர் தட்டலோடு சேர்ந்து, அதற்குக் கீழேயிருந்து, தரையை ஒட்டி, சின்ன விரல்கள் மூன்று முறை தட்டின. அவள் கொஞ்ச நேரம் கையை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு அவர்களுக்கும் சேர்த்தே இரண்டு தட்டினாள்.

வெளிப்பக்கம் இதுவரை யாரும் பூசவில்லை. சுவர் இன்னும் ஒரு செங்கல் கனம்தான்.